லொறித் தட்டுப் பூச்சு: தாமே இடுவதா, பட்டறையில் விடுவதா?

மரக்கறியும் நெல் மூடையும் ஏற்றும் லொறியின் இரும்புத் தட்டை ஈரமும், சிந்திய பொட்டாசு உரமும் அரிக்கின்றன. புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாறிய மனிங் சந்தைக்கும், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைகளுக்கும் வரும் லொறிகளை உப்புக் கடற்காற்றும் தாக்குகின்றது. ஆதலின் தட்டுக்குப் பொலியூரித்தேன் போன்ற தடித்த பூச்சு இடுதல் நன்று.

பட்டறையில் இரு திரவங்களைச் சூடாக்கி, மிகுந்த அழுத்தத்தில் விசிறுவர். அப்பூச்சு விரைவில் இறுகி, எங்கும் ஒரே தடிப்பாக அமையும், செலவோ அதிகம். உருளையினால் கையாற் பூசும் வகை மலிவானது, ஆனால் மெல்லியது.

எவ்வகையாயினும், அதன் ஆயுள் தட்டைப் பண்படுத்துவதிலேயே தங்கியுள்ளது. எண்ணெய்ப் பசையையும் கறளையும் நீக்கி, அரத்தாளால் தேய்த்து, நன்கு உலர்த்துதல் வேண்டும். இன்றேல் பூச்சின் அடியிற் கறள் மறைந்து வளரும். நாற்றுமேடையைப் பண்படுத்தும் கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நாள்தோறும் பாரம் ஏற்றும் புதிய லொறிக்குப் பட்டறைப் பூச்சே முடிவிற் சிக்கனமாகும். பழைய லொறிக்குக் கமக்காரர் தாமே கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் உருளையினாற் பூசுதல் போதும். விசிறும் வேலையை மட்டும் வீட்டிற் செய்தலாகாது. அப்புகாரிலுள்ள ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. துணி முகமூடி அதனைத் தடுக்காது. வீடுகள் நெருங்கிய கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அயலாரின் குழந்தைகளும் அதனைச் சுவாசிக்க நேரும். மிச்சமாகும் கூலி மூச்சுக்கு ஈடாகாது.