“வெறும் கார்ட்டூன்தானே டாக்டர்?”

1/
“வேற எதுவும் பாக்குறதில்ல டாக்டர், வெறும் கார்ட்டூன்தான்.” ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் அப்பாவும் அம்மாவும் ஷூ கம்பெனிக்குப் போற வீடுகள்ல அடிக்கடி கேக்குற பேச்சு இது. வேலைக்குப் போற அம்மாவைக் குறை சொல்ல நான் வரல. அந்த ‘வெறும்’ பத்தித்தான் இந்தத் த்ரெட்.

2/
தோல்னா நம்ம பக்கம் ஷூவும் பெல்ட்டும்தான் ஞாபகம் வரும். இதே ஆட்டுத்தோலை மெல்லிசா பதப்படுத்தி, உருவமா வெட்டி, வண்ணம் தீட்டி, விளக்கு வெளிச்சத்துல திரைக்குப் பின்னாடி ஆட்டினா அது தோல்பாவைக்கூத்து. சினிமா வர்றதுக்கு முன்னாடியே நாம பார்த்த அசையும் படம்.

3/
ராமாயணம் ஓடிட்டிருக்கும். நடுவுல உச்சிக்குடும்பன், உளுவத்தலையன்னு ரெண்டு பேர் நுழைஞ்சு அடிச்சுக்குவாங்க, பச்சையா பேசுவாங்க. வால்மீகியிலயும் கிடையாது, கம்பன்லயும் கிடையாது. இவங்க ஏன் வந்தாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

4/
நம்ம வட ஆற்காட்டுத் தெருக்கூத்துல கட்டியங்காரனும் அப்படித்தான். இப்போ துரியோதனன் வாசல்ல காவல்காரன். அடுத்த நிமிஷம் ரேஷன் கடையைக் கிண்டல் பண்ற நம்ம ஊர்க்காரன். ராஜாவையே கலாய்ப்பான். விளக்கம் கிடையாது. விளக்கினா சிரிப்பு போயிடும்.

5/
ஆக, அபத்தமான, காரணமே சொல்லாத பாத்திரங்கள் பெரியவங்களுக்கான சரக்கு. எது ஒழுங்குன்னு தெரிஞ்சவனுக்குத்தான் ஒழுங்கு உடையும்போது சிரிப்பு வரும். பெரியவங்க இதைப் பார்த்துச் சிரிக்கிறதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல. நல்லா சிரிங்க.

6/
இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். தமிழ் பேசுற ஷின்சான் தெரியும்ல? 1990-ல் ஜப்பான்ல பெரியவங்க படிக்கிற ஒரு காமிக்ஸ் வார இதழ்ல ஆரம்பிச்ச தொடர் அது. ஹீரோவுக்கு 5 வயசு, வாசகர்களுக்கு இல்ல. படத்துல குழந்தை இருக்குன்னு நாம குழந்தை கையில கொடுத்துட்டோம்.

7/
அமெரிக்காவுல 1997-ல் வந்த ‘சவுத் பார்க்’ இன்னும் கடுமை. கென்னின்னு ஒரு பையன். ஆரம்ப சீசன்கள்ல கிட்டத்தட்ட ஒவ்வொரு எபிசோடிலும் கோரமா செத்துப்போவான். அடுத்த எபிசோடுல ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து நிப்பான். பெரியவங்களுக்கு அது ஜோக்.

8/
4 வயசுக் குழந்தைக்கு? செத்தவங்க திரும்ப வரமாட்டாங்கங்கிறது பெரும்பாலான குழந்தைகளுக்குப் புரியறதே 5-லிருந்து 7 வயசுக்குள்ளதான். அதுக்கு முன்னாடி அந்த ஜோக் ஜோக்கா போய்ச் சேராது. சில குழந்தைக்குப் பயமா சேரும். சிலது அதைத் தம்பி மேல செஞ்சு பார்க்கும்.

9/
“அப்போ கூத்து பார்க்கக் குழந்தைங்க வரலையா?” வந்தாங்க. ஆனா கூத்து ராத்திரி முழுக்க நடக்கும். பாதிப் பிள்ளைங்க பாயில தூங்கிடும். முழிச்சிருக்கிற பிள்ளை பக்கத்துல பாட்டி இருப்பாங்க. “ஏன் பாட்டி எல்லாரும் சிரிக்கிறாங்க?”ன்னு கேட்டா ஒரு பதில் வரும், இல்லைன்னா ஒரு குட்டு விழும். வருஷத்துக்குச் சில ராத்திரிதான். ஊரே ஒரு வடிகட்டியா இருந்துச்சு.

10/
போன்ல அந்த வடிகட்டி இல்ல. பிள்ளை தனியா, காதுல இயர்போன், தினமும், ஒண்ணு முடிஞ்சா தானா அடுத்தது. மாறினது அந்தக் கோமாளி இல்ல, பக்கத்துல இருந்த ஆள்.

11/
செய்ய வேண்டியது:
• 2021 ஐடி விதிகள்படி ஓடிடி தளங்கள் வயசுக் குறியீடு காட்டணும்: U, U/A 7+, 13+, 16+, A. கார்ட்டூனா இருந்தாலும் அதைப் பாருங்க. லாக் வசதி இருக்கு, போடுங்க.
• யூடியூப்ல யாரோ ஏத்துற துண்டு வீடியோவுக்கு அந்தக் குறியீட்டை நம்பி இருக்க முடியாது. ஆட்டோபிளேயை அணைச்சிடுங்க.
• 2 வயசுக்குள்ள ஸ்கிரீனே வேண்டாம். 2–5 வயசுல ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் யாராவது கூட உக்காந்து.
• இயர்போன் வேண்டாம். சத்தம் வெளிய கேட்டா சமையல்கட்டுல இருந்தே என்ன ஓடுதுன்னு தெரியும்.

12/
ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கூடவே உக்காருங்கன்னு சொல்றது எனக்குச் சுலபம், உங்களுக்குக் கஷ்டம். தெரியும். 10 நிமிஷம் போதும். “இவன் யாரு? ஏன் இப்படிப் பண்றான்?”னு பிள்ளையைக் கேளுங்க. பதில்லயே அதுக்கு என்ன புரிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும்.

பாட்டி, தாத்தாகிட்ட பிள்ளையை விட்டுட்டுப் போறவங்க அவங்களுக்கும் இதைக் காட்டுங்க.