கம்பு மாறுகிறது, கொழுக்கட்டைப் புல் மாறவில்லை: ஏன்?

கேள்வி: ஒட்டுக் கம்பில் நல்ல கதிராகப் பொறுக்கி விதை எடுத்து மறு போகம் விதைத்தேன். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. கதிரும் முன்னும் பின்னுமாக வந்தது. காட்டோரக் கொழுக்கட்டைப் புல்லோ பல வருடமாக விதை விழுந்து முளைத்தும் மாறவே இல்லை. இரண்டும் புல்லினம்தானே?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பதில்: இரண்டும் புல்லினம்தான், விதை பிறக்கும் விதம்தான் வேறு.

கம்புக் கதிரில் முதலில் சூலக முடிகள் நீட்டும். இரண்டு மூன்று நாள் கழித்தே மகரந்தப் பைகள் வரும். எனவே பெரும்பாலும் காற்றில் வரும் அடுத்த செடியின் மகரந்தமே சேர்கிறது. ஒவ்வொரு மணியும் புதுக் கலவை. ஒட்டு ரகத்தில் முதல் தலைமுறை சீராக இருக்கும். அடுத்ததில் பெற்றோர் குணங்கள் பிரிந்து சிதறும். நீங்கள் பார்த்தது அதுதான். உங்கள் பக்குவத்தில் குறை இல்லை.

கொழுக்கட்டைப் புல்லில் பெரும்பாலும் கரு, மகரந்தம் சேராமலே தாயின் திசுவிலிருந்து உருவாகிறது. மணியில் உணவுச் சேமிப்பு வளரத்தான் மகரந்தம் தேவை. ஆகவே பிள்ளை தாயின் நகல். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இன்னொரு வகை. கம்பின் 14, நேப்பியரின் 28 குரோமோசோம்களில் பாதிப் பாதி சேர்ந்து 21 ஆவதால் அவை ஜோடி சேராது, விதை பிடிக்காது. அதனால்தான் கரணை நடுகிறோம். கேழ்வரகு பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்பதால் ரகம் அதிகம் மாறாது.

நகல் வசதிதான், ஆனால் அதற்கு விலை உண்டு. மரபணு நகலெடுக்கும்போது சிறு பிழைகள் விழும். கலந்து பிறக்கும் பயிரில் நல்லதும் கெட்டதும் பிரிந்து, கெட்டது நாளடைவில் கழியும். நகலாகவே பிறக்கும் புல்லில் எல்லாம் சேர்ந்தே இறங்கும். புது நோய் வந்தால் தப்பிக்க வேறு கலவையும் குறைவு.

ஒரே மாதிரியாக இருப்பதன் ஆபத்தைக் கம்பே காட்டியது. 1965-ல் பஞ்சாபில் வெளியான எச்.பி. 1 ஒட்டுக் கம்பும், பின்னால் வந்த பல ஒட்டுகளும் அமெரிக்காவின் டிஃப்டனிலிருந்து வந்த ஒரே தாய் வரிசையை நம்பியிருந்தன. 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அவற்றைப் பெருமளவு அழித்தது. விளைச்சல் கூடிய ரகம்தான். தாய் ஒன்றானதால் நோய்க்கும் வழி ஒன்றானது.

நகல் விதையின் மரபணுவைக் கம்புக்குக் கொண்டுவரவும் முயற்சி நடக்கிறது. இந்த வகைப் புல்லின் ஒரு மரபணுவைக் கம்பில் செலுத்தியபோது மகரந்தம் சேராமலே கரு உருவானதை 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். இது முழுதாகக் கைகூடினால் ஒட்டு விதையையும் வீட்டில் எடுக்கலாம். அதுவரை:

• ஒட்டுக் கம்பில் விதை எடுக்க வேண்டாம். ஒவ்வொரு போகமும் புது விதை வாங்குங்கள்.
• சொந்த விதை வேண்டுமானால் ஒட்டு அல்லாத ரகம் போடுங்கள். மற்றக் கம்புக் காட்டிலிருந்து 200 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். நோய்ச் செடியை முன்பே பிடுங்கிவிட்டு, காட்டின் நடுவில் நூறு கதிருக்குக் குறையாமல் எடுங்கள். நாலைந்து கதிரில் எடுத்தால் ரகம் மெலியும்.
• கொழுக்கட்டைப் புல்லை விதையாகவே பெருக்கலாம். ஆனால் தீவனக் காடு முழுக்க ஒரே புல்லாக வேண்டாம். சோளமும் பயறு வகைத் தீவனமும் கலந்திருக்கட்டும்.