பேட்டை மாத்தாதீங்க, பிடியை மாத்துங்க!

டிஸ்கி: இது முழுக்க முழுக்க பேஸ்பால் பதிவு. கிரிக்கெட் வெறியர்கள் எஸ்கேப் ஆகிக்கலாம். படிச்சாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது :-)

பேஸ்பால் பேட்டோட அடியில ஒரு குமிழ் இருக்கும். கையை அதை ஒட்டி வச்சுப் பிடிக்கிறதுதான் வழக்கம். ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச் விட்டுட்டுத் தள்ளிப் பிடிச்சா அதுக்குப் பேர் 'சோக் அப்'. இப்படிப் பிடிக்கிற பசங்களைப் பாத்து, "எதுக்கு இந்தப் பாடு? ஒரு இஞ்ச் சின்ன பேட்டா வாங்கிட்டா போச்சு"ன்னு அட்வைஸ் பண்ற பெரிய மனுஷங்க இங்க அமெரிக்காவுல நிறைய. ரெண்டும் ஒண்ணுதானாம். என்ன கொடுமை சார் இது!

பிளஸ் டூ ஃபிசிக்ஸ்ல படிச்ச நிலைமத் திருப்புத்திறனைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. 34 இஞ்ச் பேட். எடை மையம் குமிழ்லேர்ந்து 23 இஞ்ச்ல, சுழலும் புள்ளி 6 இஞ்ச்ல இருக்குன்னு வச்சுப்போம். நடுவுல 17 இஞ்ச். ஒரு இஞ்ச் தள்ளிப் பிடிச்சா அது 16. இணை அச்சுத் தேற்றப்படி இந்தத் தூரத்தோட வர்க்கம்தான் கணக்கு: 289 போய் 256. அந்தப் பகுதியில மட்டும் 11% குறையுது. ஒரே ஒரு இஞ்சுக்கு! பேட் சட்டுனு திரும்பும், பந்தை இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு அடிக்கலாம்.

"சின்ன பேட்லயும் இதேதானே கிடைக்கும்?" கிடைக்கும். ஆனா அது எப்பவுமே சின்ன பேட்தான். சோக் அப் அப்படி இல்ல, தேவைப்பட்டா வச்சுக்கலாம், வேணாம்னா எடுத்துடலாம். நம்ம பாஷையில சொன்னா, புரோகிராமைத் திருத்தி எழுதுறதுக்கும் ஒரு செட்டிங்கை மாத்துறதுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்ட்ரைக் விழாத வரைக்கும் முழு நீளத்துல வீசலாம். ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்துச்சா? கையை ஏத்திப் பிடி, பந்தைத் தொட்டா போதும். சின்சினாட்டி ரெட்ஸ்ல ஆடின ஜோயி வாட்டோ இதைத்தான் செஞ்சார். 2010ல எம்விபி வாங்கின மனுஷன்.

உண்மையான பிரச்சனை நீளம் இல்லைங்க, கௌரவம். தள்ளிப் பிடிக்கிறவன் பலமில்லாதவன்னு ஒரு நெனப்பு. பாரி பாண்ட்ஸ் தள்ளிப் பிடிச்சுதான் 2001ல ஒரே சீசன்ல 73 ஹோம் ரன் அடிச்சார். (ஊக்கமருந்து சர்ச்சை எனக்கும் தெரியும் சாமி. பேச்சு பிடியைப் பத்தி மட்டும்.) இந்த வறட்டு கௌரவத்துக்கும் ஒரு விலை இருக்கு. 2018ல மேஜர் லீக் வரலாற்றுலயே முதல் தடவையா ஹிட்டை விட ஸ்ட்ரைக் அவுட் அதிகமாச்சு. பந்து வீசுறவங்களோட வேகம் ஏறினது ஒரு காரணம், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகும் ஹோம் ரன் கனவோடயே வீசுறதும் ஒரு காரணம்.

எதிர்க்கட்சி நியாயத்தையும் சொல்லிடறேன். டோனி க்வின் சின்ன பேட்டை வச்சே 3,141 ஹிட் அடிச்சார். அவர் தனக்கு எது சரின்னு தெரிஞ்சு தேர்ந்தெடுத்தவர், அது வேற. அதே மாதிரி, எந்நேரமும் நாலு இஞ்ச் தள்ளிப் பிடிச்சாதான் தூக்கவே முடியுதுன்னா அது சோக் அப் இல்ல, அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கிற கதை. அந்தப் பையனுக்குக் கண்டிப்பா சின்ன பேட் வாங்கிக் குடுங்க.

மத்தவங்க நூத்துக்கணக்குல டாலரைக் கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கையை ஒரு இஞ்ச் ஏத்திப் பிடிச்சுப் பாருங்க. செலவு பைசா கிடையாது. வெளிப்பக்கமா வர்ற பந்து எட்டலைன்னா பிளேட்டை ஒட்டி இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லுங்க, அம்புட்டுதான். "அசிங்கமா இருக்கு"ன்னு எவனாவது சொன்னா, ஸ்ட்ரைக் அவுட் ஆகிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுட்டு வர்றது மட்டும் ரொம்ப அழகான்னு கேளுங்க.

பி.கு: திட்டணும்னு நெனைக்கிறவங்க பின்னூட்டத்துல கும்மலாம். ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-))