பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா?

ஒவ்வொரு தேர்தல் முடிந்த மறுநாளும் ஒரே பேச்சுதான். கிராமத்து மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள், சென்னைக்காரர்களுக்குப் பொறுப்பில்லை என்பார்கள். கணக்கும் அப்படித்தான் தெரிகிறது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் பேரூராட்சிகளில் சுமார் 75 சதவீத வாக்குகள் பதிவாயின. சென்னை மாநகராட்சியில் பதிவானது 43.59 சதவீதம்.

அதே தேர்தலில்தான் சென்னை, தாம்பரம் மேயர் பதவிகள் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து உருவான தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயராக வசந்தகுமாரி பொறுப்பேற்றார். இது நம் மக்களுக்குப் பெருமைதான். ஆனால் நாற்காலியில் நம்மவர் அமர்ந்தால் மட்டும் போதாது. வாக்குச்சாவடி வரிசையிலும் நாம் நிற்க வேண்டும்.

வாக்களிக்காத எல்லோரையும் அக்கறையற்றவர்கள் என்று சொல்வதை நாம் ஏற்கவில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டு தொடங்கி கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் இங்கே குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். வீடு மாறிய வேகத்தில் வாக்காளர் பட்டியல் மாறவில்லை. பழைய முகவரியில் பெயர் இருக்கும், ஆள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். அன்றைய கூலியை விட்டுவிட்டு, பேருந்து ஏறிப் போய் வாக்களிக்க எத்தனை பேரால் முடியும்? அவர்களும் 'வாக்களிக்காதவர்' கணக்கில்தான் சேர்கிறார்கள்.

செய்யூர், மதுராந்தகம் பக்கத்து ஊர்களிலிருந்து பிழைப்புக்கு வந்து பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் வாடகைக்கு இருக்கும் நம் பிள்ளைகளின் நிலையும் இதுதான். ஊரில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறார், பெயர் இல்லை.

2025இல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாக்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுவதும் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. அவற்றில் சுமார் 66 லட்சம், இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்று நீக்கப்பட்டவை. 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே என்று கேட்டார்கள். ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவர் எந்தக் கதவு எண்ணைச் சொல்வார்?

ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இடம் மாறியவர்களின் பெயர் நீங்கினால் வாக்குப்பதிவு சதவீதம் தானாக உயரும். அதனால் நம் வாக்கு கூடிவிட்டது என்று பொருள் இல்லை. கணக்கில்கூட நாம் இல்லாமல் போகிறோம் என்பதே பொருள்.

இந்த உரிமை நமக்கு இலவசமாக வந்ததல்ல. சொத்தும் வரியும் படிப்பும் இருந்தவருக்கே வாக்கு என்றிருந்த காலம் அது. லண்டன் வட்டமேசை மாநாட்டின் வாக்குரிமைத் துணைக்குழுவில், வயது வந்த அனைவருக்கும் உடனே வாக்கு வேண்டும் என்று நின்ற மிகச் சிலரில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் இருந்தார்கள். சீனிவாசன் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர்.

ஒரு வாக்கு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் பக்கத்துத் தொகுதியான திருப்போரூரைப் பார்க்கட்டும். தனித்தொகுதி அல்லாத அந்தப் பொதுத்தொகுதியில் 2021இல் விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளர் வென்றது இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். ஒரு குடியிருப்பின் சில தெருக்களுக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை அது.

எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்பது அவரவர் முடிவு. சேரி வாக்கு எப்போதும் எங்களுக்குத்தான் என்று எந்தக் கட்சியும் சொல்லிக்கொள்ள நாம் இடம் தரக்கூடாது. பட்டா, சுடுகாட்டுப் பாதை, குடிநீர், மறுகுடியமர்வு வீடுகளுக்கான விற்பனைப் பத்திரம் என்று கேட்க வேண்டியவை நிறைய உள்ளன. பட்டியலில் பெயர் இல்லாதவரின் கேள்விக்கு வேட்பாளர் நின்று பதில் சொல்ல மாட்டார்.

ஆகவே முதலில் பெயரைப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6, முகவரி மாறியிருந்தால் படிவம் 8. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேளுங்கள். அரசு வழங்கிய வீட்டு ஒதுக்கீட்டு ஆணையைப் பத்திரமாக வைத்திருங்கள். தீவிரத் திருத்தத்தில் ஏற்கப்பட்ட ஆவணங்களில் அதுவும் ஒன்று. இரண்டு இடங்களில் பெயர் வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. எனவே ஊரா, தாம்பரமா என்று முடிவு செய்யுங்கள். பதினேழு வயது நிரம்பிய மாணவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

படித்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். இரவுப் பாடசாலையிலோ அம்பேத்கர் சிலையடியிலோ பட்டியலோடு உட்கார்ந்து, தெரு தெருவாகப் பெயரை வாசியுங்கள். விடுபட்ட ஒவ்வொரு பெயரையும் திரும்பச் சேர்ப்பதுதான் கோழியாளத்துப் பெரியவருக்கு நாம் செலுத்தும் மரியாதை.