டீக்கடை பார்லிமெண்ட்



"இங்கு அரசியல் பேசக் கூடாது" - இந்தப் பலகையைப் பார்க்காதவர் நம்மில் யாராவது உண்டா? டீக்கடையிலும் சலூனிலும் "கடன் அன்பை முறிக்கும்" பலகைக்குப் பக்கத்திலேயே இதுவும் தொங்கும். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் சரி, பிள்ளையார்பாளையம் பக்கம் போனாலும் சரி, அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து நாலு பேர் என்ன பேசுகிறார்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். அரசியல்தான்!

எங்கள் செட் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நம்ம ஊர் அரசியலைப் பேசினால்தானே சண்டை வரும், கடைக்காரர் முறைப்பார்? இங்கிலாந்து அரசியலைப் பேசினால் யார் கேட்கப் போகிறார்கள்! அதனால் எங்கள் பெஞ்சில் லண்டன் அரசியல் தூள் பறக்கும்.

2022 அக்டோபரில் ரிஷி சுனக் பிரதமரானபோது நாங்கள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தோம். "நம்மள ஆண்டவன் நாட்டை இப்ப நம்மாளு ஆளப் போறாருடா!" என்று ஒருத்தன் குதித்தான். "அவரு பொறந்தது சவுத்தாம்ப்டன். நம்மாளுன்னா ரேஷன் கார்டு எந்தக் கடையில இருக்கு, கேட்டுச் சொல்லு" என்றான் இன்னொருத்தன். அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

சுனக்குக்கு முன்னால் இருந்த லிஸ் டிரஸ் அம்மையார் மொத்தமே 49 நாள்தான் பதவியில் இருந்தார். அங்கே ஒரு பத்திரிகை லெட்டூஸ் கீரை ஒன்றை வைத்து, கீரை முதலில் வாடுமா, பிரதமர் முதலில் போவாரா என்று கேமராவில் காட்டிக்கொண்டே இருந்தது. கீரைதான் ஜெயித்தது! "எங்க வீட்டுத் தறியில ஒரு பாவு அறுக்கறதுக்குள்ள ஒரு பிரதமரையே அறுத்துட்டாங்க மச்சி" என்று நான் சொன்னதற்குப் பெஞ்சே குலுங்கியது.

ஐரோப்பிய யூனியனை விட்டுப் பிரிந்த கதை இன்னும் சுவாரஸ்யம். 2016 ஜூன் 23 அன்று ஓட்டெடுப்பு நடந்தது. 51.9 சதவீதம் பேர் வெளியே போகலாம் என்றார்கள். நிஜமாகவே வெளியே போனது 2020 ஜனவரி 31 அன்று! "தனிக்குடித்தனம் போறேன்னு சொல்லிட்டு மூணரை வருஷமா பாத்திரம் பங்கு பிரிச்சிருக்காங்கடா" என்று ஒரு கமெண்ட். 2024 ஜூலை 4 தேர்தலில் தொழிற்கட்சி சுமார் 34 சதவீத ஓட்டு வாங்கி, 650 இடத்தில் 411 இடத்தைப் பிடித்தது. மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு சீட்டா? நியாயமா, அநியாயமா? இரண்டு டீ ஆறிப் போகும் வரை கத்தினோம். கடைசியில் ஒருத்தன், "நம்ம நாட்டுலயும் அதே முறைதானேடா, அவங்ககிட்ட இருந்து எடுத்ததுதானே" என்றான். எல்லோரும் கப்சிப்.

கவனியுங்கள் நண்பர்களே! இத்தனை கத்தலிலும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கவில்லை. ஒருத்தன் முகமும் சுருங்கவில்லை. டீக்காசை வழக்கம்போல் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தோம். ஆகவே நமக்கு வாதம் பண்ணத் தெரியும்! எதிர்க் கருத்தைக் கேட்டுச் சிரிக்கவும் தெரியும்.

ஆனால் அதே பெஞ்சில், "நம்ம ஊர்ல பட்டு நெய்யறவனுக்கு ஏன்டா கூலி ஏற மாட்டேங்குது?" என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஒருத்தன் செல்போனை எடுப்பான். ஒருத்தன், "வேணாம்டா, விடு" என்பான். மூன்றாமவன், "நீ எந்தக் கட்சிடா?" என்று ஆரம்பிப்பான். லண்டன் விஷயத்தில் வராத பயமும் கோபமும் காஞ்சிபுரம் விஷயத்தில் மட்டும் ஏன் வருகிறது?

ஏனென்றால் சுனக் ஜெயித்தாலும் தோற்றாலும் நம் வீட்டு அடுப்பு அணையாது. பக்கத்தில் இருப்பதைப் பேசினால் யாருக்காவது சுடும். எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தெரிந்தது தறி. ஒரு தடவை அவர், தான் நெய்து கொடுக்கும் இடத்தில் கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். "இங்க வந்து அரசியல் பண்ணாதய்யா" என்று பதில் வந்தது. மேற்கொண்டு பேசாமல் வந்துவிட்டார். விலை ஏறிப்போச்சு, கூலி பத்தவில்லை என்று சொல்வதற்குப் பெயர் அரசியலாம்! அப்படியானால் அந்தப் பலகை டீக்கடையில் மட்டும் தொங்கவில்லை. கேள்வி கேட்கிற ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கவிடப்படுகிறது.

வெள்ளைக்காரன் அரசியலைப் பேசுவது வெட்டிப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அதைக் கொஞ்சம் தோண்டினால் நம் தறிக் குழியில் வந்துதான் முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்துப் பெண்கள் இந்தியத் துணி மேல் ஆசைப்பட்டார்கள். அந்த ஊர் நெசவாளர்களுக்கு வயிறு எரிந்தது. 1700ல் நம் நாட்டுச் சாயத்துணிக்கும் பட்டுக்கும் அந்த நாட்டுப் பார்லிமெண்ட் தடை போட்டது. அதுவும் பத்தாமல் 1719ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, இந்தியச் சீட்டித்துணி கட்டிய பெண்களின் உடையைக் கிழித்தார்கள். 1721ல் பெரும்பாலான சீட்டிகளைக் கட்டவே கூடாது என்று சட்டம் வந்தது. பிறகு இயந்திரம் வந்தது. அவர்கள் துணி இங்கே வந்து இறங்கியது. நம் தறிகள் படுத்தன. லண்டனில் கை தூக்கியது யாரோ. இங்கே பட்டினி கிடந்தது நம் முப்பாட்டன்!

இயந்திரம் வந்ததும் அந்த நாட்டுக் கைத்தறிக்காரனும் தப்பவில்லை. அவனும் நடுத்தெருவுக்கு வந்தான். ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. 1838ல் தொடங்கிய சாசன இயக்கத்தில், ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, எம்.பி.க்களுக்குச் சம்பளம் என்று ஆறு கோரிக்கை வைத்துக் கிளம்பியவர்களில் கைத்தறி நெசவாளர்கள் ஏராளம். சம்பளம் எதற்கு? சம்பளம் இருந்தால்தானே கூலிக்காரன் வேலையை விட்டுவிட்டுச் சபைக்குப் போக முடியும்! ஆறில் ஐந்து பிற்காலத்தில் நிறைவேறின. ரகசிய வாக்கெடுப்பு 1872ல்தான் வந்தது. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான ஓட்டு 1928ல்தான் கிடைத்தது. பேசிப் பேசி, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கியது அது.

பழைய கதை மட்டும் அல்ல. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. நம் ஜவுளிக்கு அங்கே போட்டிருந்த இறக்குமதி வரியை நீக்க அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த லாபம் நெய்கிற கை வரைக்கும் வருமா, நடுவழியில் நின்றுவிடுமா? இதைப் பற்றிக் கேட்க வேண்டியது யார்? நாம்தானே!

வாதம் செய்வது நம் ஊருக்குப் புதுசும் அல்ல. 1925 நவம்பரில் காங்கிரஸ் மாகாண மாநாடு இதே காஞ்சிபுரத்தில்தான் திரு.வி.க. தலைமையில் நடந்தது. வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமல் போனதும் பெரியார் வெளியேறியது இங்கிருந்துதான். நெசவாளர் குடும்பத்தில் பிறந்து முதலமைச்சரான அண்ணா இந்த ஊர்க்காரர். கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா கூடாதா என்கிற நெருப்பான விஷயத்தில் 1943ல் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், பிறகு சோமசுந்தர பாரதியாரோடும் அவர் நேருக்கு நேர் மேடையில் வாதாடினார். எதிராளியின் புலமையை மதித்துக்கொண்டே வாதாடினார்! 1953ல் கைத்தறி நெசவாளர்கள் தவித்தபோது துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். அந்த அண்ணாவையே 1962 தேர்தலில் இதே காஞ்சிபுரம் தோற்கடித்ததும் உண்மை. உலகப் போரில் ஜெயித்த சர்ச்சிலை 1945ல் அவர் நாட்டு மக்கள் வீட்டுக்கு அனுப்பவில்லையா? பெரிய ஆள் என்பதற்காக ஓட்டு அடங்கிவிடாது. அதுதான் அதன் அழகு.

சரி, பேசினால் என்ன நடந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு உதாரணம். 2022 ஜனவரி 1 முதல் ஜவுளிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக ஏறும் என்று அறிவித்தார்கள். ஜவுளிக்காரர்கள், நெசவாளர்கள், மாநில அரசுகள் என்று நாடு முழுக்கப் பேச்சு கிளம்பியது. 2021 டிசம்பர் 31 அன்று, அமலுக்கு வர ஒரே ஒரு ராத்திரி இருக்கும்போது, கவுன்சில் அதைத் தள்ளி வைத்தது. எல்லோரும் "நமக்கேன் வம்பு" என்று இருந்திருந்தால்?

இன்னொன்று. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. தொழிற்சங்கச் சட்டம் இங்கே 1926லேயே வந்தது. அவர்கள் செய்தது சரி என்பவர்கள் உண்டு, கம்பெனிகள் வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்று பயப்படுபவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் பேசலாம். ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் பஸ் ஏறப்போகிற நாம் அந்த 37 நாளில் எத்தனை நாள் இதைப் பேசினோம்? லெட்டூஸ் கீரையைப் பேசிய அளவுக்குப் பேசினோமா?

"படிக்கிற வயசுல அரசியல் எதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் பயம் நியாயமானது. கொடி கட்டவும் கோஷம் போடவும் மட்டும் மாணவனைக் கூப்பிட்டு, பிறகு கைவிட்ட கதைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. நான் கொடி பிடிக்கச் சொல்லவில்லை. பேசச் சொல்கிறேன். ஓட்டு வயதை 21லிருந்து 18 ஆக்கிய திருத்தம் 1989 மார்ச்சில் அமலுக்கு வந்தது. 18 வயதில் ஓட்டுப் போடு, ஆனால் அதைப் பற்றிப் பேசாதே என்றால் அது என்ன நியாயம்? அளந்து பார்க்காமல் லேத்தில் ஜாப் வெட்டு என்று நம் ஒர்க்‌ஷாப்பில் யாராவது சொல்வார்களா?

பேசுவதற்கு ஒரு முறை வேண்டும். அதை வெள்ளைக்காரனிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. லண்டன் காமன்ஸ் சபையில் இரண்டு தரப்புக்கும் நடுவே தரை விரிப்பில் இரண்டு சிவப்புக் கோடுகள் உண்டு. இரண்டு வாள் நீள இடைவெளி என்பார்கள். பேசும்போது கோட்டைத் தாண்டக் கூடாது. சபையில் சக உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. பிரதமர் பொய் சொன்னார் என்று பேசிய ஒரு எம்.பி.யை 2021ல் வெளியே அனுப்பினார்கள். அந்த விதி சரியா என்பதே ஒரு நல்ல விவாதம்! எதிர்க்கட்சித் தலைவருக்கு 1937 முதல் அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறது. நம் நாட்டிலும் 1977 முதல் அதற்குச் சட்டம் உண்டு. எதிர்த்துப் பேசுவதும் நாட்டுக்குச் செய்கிற வேலைதான் என்று அர்த்தம்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம், விவாத மன்றம் நடத்துங்கள். அதற்கு நான்கே விதிகள் போதும்.

ஒன்று: தலைப்பு நம் மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும். நெசவுக் கூலி, விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்பது, அப்ரண்டீஸ் சம்பளம், பஸ் வசதி, எதுவானாலும் சரி.

இரண்டு: யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். நம் உத்திரமேரூர் கல்வெட்டு ஆயிரம் வருஷத்துக்கு மேல் பெருமை பேசும் குடவோலை இருக்கிறதே, அதை இதற்குப் பயன்படுத்துவோம். அந்தக் காலத்தில் நிலமும் சொந்த வீடும் உள்ளவன் பெயரைத்தான் குடத்தில் போட்டார்கள். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளின் பெயர் அதில் விழுந்தே இருக்காது. நம் குடத்தில் எல்லோர் பெயரும் விழட்டும், மாணவிகள் பெயரும் விழட்டும்! எதிராளியின் நியாயத்தை நம் வாயால் சொல்லிப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

மூன்று: ஆளைப் பேசக் கூடாது, விஷயத்தைப் பேச வேண்டும். சாதி, அப்பா, கட்சி மூன்றையும் இழுக்கக் கூடாது.

நான்கு: ஒரு விவரமாவது, ஒரு கணக்காவது கையில் இல்லாமல் மேடை ஏறக் கூடாது.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நிறம் வேறு என்பதற்காக அவை பிரிந்து போவதில்லை. கோத்த கோர்வை அத்தனை உறுதி. கருத்து வேறு என்பதற்காக நாமும் பிரிய வேண்டியதில்லை.

லண்டனைப் பற்றிப் பேசுவோம், இன்னும் நன்றாகவே பேசுவோம். அதே துணிச்சலோடு, அதே சிரிப்போடு நம் தெருவையும் பேசுவோம். நாளைக்கு ஒரு அப்பா கூலி கேட்கும்போது "அரசியல் பண்ணாதே" என்று யாராவது சொன்னால், "ஆமாம், இதுதான் அரசியல், உட்காருங்க, பேசலாம்" என்று பதில் சொல்ல ஒரு பிள்ளையாவது அவர் பக்கத்தில் நிற்கட்டும்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை