ரேணிகுண்டாவின் இரண்டு வாசல்கள்

திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவில் ஒரு விமான நிலையமும் ஒரு ரயில் நிலையமும் இருக்கின்றன. விமான நிலைய வாசலில் பயணியிடம் எதைக் கேட்கலாம் என்பது எழுத்தில் உள்ளது. சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2017 அக்டோபரில் பிறப்பித்த ஆணை, உள்நாட்டுப் பயணத்துக்குப் பத்து வகை ஆவணங்களைப் பட்டியலிட்டது. கடவுச்சீட்டு, வாக்காளர் அட்டை, ஆதார், ஓட்டுநர் உரிமம் முதல் புகைப்படம் ஒட்டிய அரசுடைமை வங்கிக் கணக்குப் புத்தகம் வரை ஏதேனும் ஒன்று போதும். எதுவும் இல்லையெனில், ‘ஏ’ பிரிவு அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று ஏற்கப்படும். பெற்றோருடன் செல்லும் சிறாருக்கு அதுவும் வேண்டாம்.

ரயில் நிலைய வாசலின் நிலை வேறு. 2016 ஆகஸ்டில், சென்னையிலிருந்து கருடாத்திரி விரைவு ரயிலில் வந்த தமிழர்கள் 32 பேர் ரேணிகுண்டாவில் கைது செய்யப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்பது அவர்கள் மீதான சந்தேகம். அவர்கள் கையில் கோடரி இருந்ததா, மரம் இருந்ததா என்பதல்ல, எங்கிருந்து வருகிறார்கள் என்பதே கேள்வியாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டில் விலை உயிராக இருந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று, அன்றைய சித்தூர் மாவட்டத்தின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திர அதிரடிப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. ஆனால், உடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு சென்றார்கள் என்று உயிர் தப்பியோர் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் கூறினர். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் அமர்ந்திருந்ததால் தம்பதி என்று கருதப்பட்டு ஒருவர் பிழைத்தார். அவரைக் காத்தது எந்த அரசு ஆவணமும் அல்ல, ஒரு தற்செயல்.

இதைத் தமிழர் – தெலுங்கர் பகையாகத் திரிப்போர் உண்மைக் குற்றவாளிகளுக்கே உதவுகின்றனர். ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் நிலமும் வேலையும் இல்லாத பழங்குடி மக்களை முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்பவர்கள் தரகர்கள். வெட்டுபவர் காட்டில் சாகிறார். வெட்டிய மரமோ வேறு சரக்கின் பெயரில், பொய் ஆவணங்களோடு துறைமுகம் கடந்து கப்பலேறுகிறது. கூலியின் பையைத் துழாவும் அரசு, கன்டெய்னரின் காகிதத்தைப் பார்க்கத் தவறுகிறது.

இந்த அனுபவத்திலிருந்து அரசு கற்றது என்ன? மேலும் அடையாளம் கேட்பதை மட்டுமே. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசி விமான நிலையங்களில் முகத்தையே நுழைவுச் சீட்டாக்கும் ‘டிஜி யாத்ரா’ தொடங்கப்பட்டது. அதை நடத்தும் அமைப்பில் அரசின் விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதப் பங்குதான். எஞ்சியவை தனியார் பெரும்பங்கு வகிக்கும் டெல்லி, மும்பை போன்ற விமான நிலையங்களிடம் உள்ளன. 2025 ஜூலை முதல், இணையவழி தட்கல் ரயில் சீட்டுக்கும் ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாகிவிட்டது.

அட்டை காட்டினால் பாதுகாப்பு என்பதும் பொய்த்துவிட்டது. 2025இல் குருகிராமிலும் ஒடிசாவிலும் வங்க மொழி பேசும் புலம்பெயர் தொழிலாளர்கள் பிடித்து வைக்கப்பட்டபோது, ஆதாரும் வாக்காளர் அட்டையும் போதாது என்றனர். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவர் வங்கதேசத்துக்குள்ளேயே தள்ளப்பட்டார். சேஷாசலத்தில் தமிழ் பேசியது சந்தேகம், குருகிராமில் வங்கம் பேசியது சந்தேகம். இரண்டிலும் பொதுவானது மொழியல்ல, வர்க்கம்.

இந்தியா முழுவதும் தடையின்றிச் சென்றுவர அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் உரிமை அளிக்கிறது. விமானப் பயணிக்கு இருப்பதுபோல, பேருந்திலும் பொதுப்பெட்டியிலும் செல்லும் தொழிலாளிக்கும் எழுத்துப்பூர்வமான வரம்பு வேண்டும். யார், எக்காரணத்தால், எதைக் கேட்கலாம் என்பது வரையறுக்கப்பட வேண்டும். பிடித்தால் காரணம் கூறப்பட வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்த வேண்டும்.

இக்கோரிக்கையை இரு மாநிலத் தோழர்களும் சேர்ந்தே எழுப்ப வேண்டும். மலைக் கிராமங்களில் வன உரிமைச் சட்டப்படி நிலப்பட்டாவுக்கும், முழுமையான வேலை உறுதிக்கும் போராடுவது இதன் மறுபாதி. ஊரிலேயே பிழைக்க வழியிருந்தால், தரகரின் முன்பணத்துக்குக் கை நீட்ட வேண்டிய நிலை இராது.