விலகுவது கோழைத்தனமா?

போக்கர் ஆட்டத்தில் சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு விலகுபவரைக் கோழை என்று நகைக்கும் வழக்கம் இருக்கிறது. ஏழு சீட்டு ஸ்டட் என்னும் வகையைப் பொறுத்தவரை இதைவிடத் தவறான எண்ணம் வேறில்லை என்பேன்.

2003 ஆம் ஆண்டு கிறிஸ் மணிமேக்கர் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியை வென்றதன் பின்னர், டெக்சஸ் ஹோல்டெம் மற்ற வகைகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது. அதற்கு முன்னர் அமெரிக்க வீடுகளிலும் அட்லாண்டிக் சிற்றியின் சூதாட்ட விடுதிகளிலும் ஸ்டட்டுக்குத்தான் மவுசு. ஒவ்வொருவருக்கும் ஏழு சீட்டுகள். மூன்று மறைவானவை, நான்கு எல்லோர் பார்வைக்கும் திறந்தவை. முதல் மூன்று சீட்டுகள் வந்ததும் ஒரு சுற்று, பின்னர் சீட்டுக்கு ஒன்றாக மொத்தம் ஐந்து பந்தயச் சுற்றுகள். எதிராளி வைத்ததற்குச் சமமாகப் பணம் வைத்துத் தொடர்வதா, விலகுவதா என்பதே ஒவ்வொரு சுற்றிலும் கேள்வி.

பலரும் தம் கையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். விடையோ மேசையில் கிடக்கிறது. எட்டுப் பேர் ஆடும் ஆட்டத்தில் ஆறு பேர் தலா ஒரு திறந்த சீட்டுடன் முதற் சுற்றிலேயே விலகிவிட்டார்கள் என்று வையுங்கள். எஞ்சிய இருவரில் நான் ஒருவன். ஆறு சீட்டுகள் வந்துவிட்டன. என்னிடம் ஒரே இனத்தில் நான்கு. ஐந்தாவது வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி. என்னுடைய ஆறு, எதிராளியின் திறந்த நான்கு, விலகியோரின் ஆறு என 16 சீட்டுகளைக் கண்டாயிற்று. காணாதவை 36. மற்றவர்களின் திறந்த சீட்டுகளில் என் இனம் ஒன்றுமே இல்லையென்றால் ஒன்பது மிச்சம்; நான்கில் ஒரு வாய்ப்பு. ஐந்து ஏற்கெனவே கண்ணிற் பட்டிருந்தால் மிச்சம் நான்குதான். ஒன்பதில் ஒரு வாய்ப்பு. எதிராளி வைத்த 20 டொலரையும் சேர்த்து நடுவே 120 டொலர் கிடக்கிறது. நான் வைக்க வேண்டியது 20. ஏழில் ஒரு வாய்ப்பு இருந்தால் வரவும் செலவும் சமம். ஆகவே முதலாவது நிலையில் தொடர வேண்டும், இரண்டாவதில் விலக வேண்டும். கடைசிச் சுற்றில் இன்னுமொரு 20 டொலர் கிடைக்கும் என்று கணக்கிட்டாலும் எட்டில் ஒரு வாய்ப்புத் தேவை, அதுவும் இல்லை. என் கையிலுள்ள சீட்டுகளோ இரண்டு நிலைகளிலும் ஒன்றே!

விலகியோரின் சீட்டுகள் உடனே அகற்றப்பட்டுவிடும். நினைவில் வைத்திருப்பவருக்கே இந்தக் கணக்கு உதவும். யாழ்ப்பாணத்தில் முந்நூற்றுநாலு ஆடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. விழுந்த சீட்டை மறந்தவரை அங்கே கூட்டாளியே மன்னிப்பதில்லை.

"இவ்வளவு போட்டுவிட்டேனே" என்பது இன்னொரு மயக்கம். வைத்த பணம் வைத்த கணத்திலேயே மேசைக்குச் சொந்தமாகிவிட்டது. பத்திரிகை அலுவலகங்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். மூன்று வாரம் அலைந்தும் ஆதாரம் தேறாத செய்தியை, அலைந்த கூலிக்காகவே அச்சேற்றத் துடிப்போர் உண்டு.

அதற்காக எப்போதும் விலகிக்கொண்டிருப்பதும் பிழையே. ஏழாவது சீட்டும் வந்தபின், நடுவே 200 டொலர் கிடக்க, கேட்கப்படுவது 20 டொலர் என்றால், பதினொரு தடவையில் ஒரு தடவை எதிராளி வெறுங்கையுடன் மிரட்டுகிறார் என்றாலே தொடர்வதில் நட்டமில்லை. தவறாகத் தொடர்ந்தால் போவது 20. தவறாக விலகினால் போவது 200. ஆனால், அந்த வெறுங்கையை வெல்லுமளவுக்காவது என்னிடம் ஏதேனும் இருக்க வேண்டும். எதிராளியின் திறந்த சீட்டுகளிலேயே ஒரு சோடி ராணிகள் தெரிய, என்னிடம் இருப்பது ஒரு சோடிப் பத்து மட்டுமே என்றால், அவர் மிரட்டினாலென்ன, மிரட்டாவிட்டாலென்ன, நான் வைக்கும் 20 டொலர் அவருக்குச் செய்யும் தர்மம்தான்.